ராஜா ஆள் அனுப்பினால் 'வரமாட்டேன்' என்று சொல்ல முடியுமா?

கேள்வி: எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய வேதபாட வகுப்பை நடத்துகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் முதல் எழுபது வயதுப் பாட்டிமார் வரை இருபது பேர் வருவார்கள். 2 சாமுவேலில் இப்போது 11-ம் அதிகாரத்துக்கு வந்திருக்கிறோம்; தாவீது ராஜா ஆள் அனுப்பி, உரியாவின் மனைவி பத்சேபாளை வரவழைத்துச் சேர்ந்து, அவள் கர்ப்பமாகும் பகுதி. 'பத்சேபாள் மொட்டைமாடியில் குளித்ததால்தான் தாவீது விழுந்தான்' என்று போன மாதப் பிரசங்கத்தில் போதகர் சொல்லியிருந்தார். வகுப்பில் ஒரு பெண் அதைப் பிடித்துக்கொண்டு, 'ராஜா ஆள் அனுப்பினா வரமாட்டேன்னு சொல்ல முடியுமாக்கா?' என்று கேட்டாள். மூத்தவர் ஒருவர் உடனே உபாகமம் 22-ஐ எடுத்து, 'சத்தம் போட்டிருக்கணும், போடலையே' என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தாவீதின் மகள் தாமாரை வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன் பலவந்தம் செய்யும் 13-ம் அதிகாரத்துக் கதையைத் தாண்டிப் போய்விடலாமா என்றும் யோசனையாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் தேடி வெளியே போக வேண்டாம். அதே அதிகாரத்தில், அரசன் சொன்னதைச் செய்யாத ஓர் ஆள் இருக்கிறான். உரியா. ரப்பா பட்டண முற்றுகையிலிருந்து அவனை வரவழைத்து, 'வீட்டுக்குப் போய்க் கால் கழுவிக்கொள்' என்கிறான் தாவீது. பின்னாலேயே அரண்மனைச் சாப்பாடும் போகிறது. உரியா வீட்டுக்குப் போகாமல் அரண்மனை வாசலில் சேவகரோடு படுத்துக்கொள்கிறான். உடன்படிக்கைப் பெட்டியும் சேனையும் வெட்டவெளியில் கிடக்கும்போது நான் மட்டும் போய் மனைவியோடு படுப்பேனா என்பது அவன் கேள்வி. பிறகு குடிக்க வைத்துப் பார்த்தும் அவன் போகவில்லை. விடிந்ததும் அவனைக் கொல்லச் சொல்லும் கடிதம் அவன் கையிலேயே தளபதி யோவாபுக்குப் போகிறது. கோபத்தில் கொடுத்த தண்டனை அல்ல அது. அவன் மறுத்ததால் கர்ப்பத்தை அவன் பேரில் எழுத வழியில்லாமல் போயிற்று, அதனால் ஆளையே தீர்த்தார்கள். கையில் வாள் உள்ளவன், தாவீதின் பராக்கிரமசாலிகள் பட்டியலில் (23:39) பெயர் உள்ளவன். அவனுக்கே இந்தக் கதி. புருஷன் போர்முனையில் இருக்க, அரண்மனை ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் ஒரு பெண் என்ன சொல்லியிருக்க முடியும் என்று வகுப்பையே கேளுங்கள்.

இன்னொரு சாட்சி வேண்டுமென்றால் எஸ்தர் முதல் அதிகாரம். ஏழு பிரதானிகள் போய் அழைத்தும் வஸ்தி வரமாட்டேன் என்கிறாள். கிரீடம் போகிறது, 127 நாடுகளுக்கும் ஆணை பறக்கிறது. அது பெர்சிய அரண்மனை, எழுதப்பட்டதும் பிற்காலத்தில். ஆனால் ராஜ அழைப்பை மறுத்தால் என்ன ஆகும் என்பதில் அந்த எழுத்தாளருக்கும் குழப்பமில்லை. வஸ்தியோ பட்டத்து ராணி.

இனி பாடத்தை நடத்தும் முறை. ஒரு பெரிய வெள்ளைத்தாளைச் சுவரில் ஒட்டி இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் யார் யாரை அனுப்பினார்கள், வலது பக்கம் அனுப்பப்பட்டவர் மறுத்திருக்க முடியுமா. 11:1-லிருந்து வரிசையாகப் போங்கள். தாவீது யோவாபையும் சேனையையும் அனுப்புகிறான். அந்தப் பெண் யாரென்று விசாரிக்க அனுப்புகிறான். அழைத்து வர ஆட்களை அனுப்புகிறான். உரியாவை அனுப்பும்படி யோவாபுக்கு ஆள் அனுப்புகிறான். உரியா கையில் கடிதம் அனுப்புகிறான். துக்கநாள் முடிந்ததும் அனுப்பி அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். பத்சேபாள் இந்த அதிகாரம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் ஆள் அனுப்புகிறாள், தான் கர்ப்பமாயிருக்கிறேன் என்று சொல்ல. அவள் பேச்சாக அங்கே பதிவாகியிருப்பதும் அவ்வளவே. கடைசியில் 12:1-ல் கர்த்தர் நாத்தான் தீர்க்கதரிசியை அனுப்புகிறார். அதுவரை அனுப்பிக்கொண்டே இருந்தவனிடம் இப்போது ஆள் வருகிறது. தாள் நிறைந்ததும் யார் கையில் பலம் இருந்தது என்பதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

இந்த இடத்தில் மொட்டைமாடிப் பேச்சு நிச்சயம் வரும். 2-ம் வசனத்தை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். உப்பரிகையில் இருந்தவன் தாவீது. அவள் எங்கே குளித்தாள் என்று வேதம் சொல்லவே இல்லை. அன்றைய எருசலேம் கீதரோன் பள்ளத்தாக்கை ஒட்டிய குறுகிய மலைமுதுகு, சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். உயரத்தில் நிற்பவனுக்குக் கீழே உள்ளவர்களின் முற்றம் தெரியும். அவளை மாடியில் ஏற்றியதில் பிரசங்கங்களுக்கும் ஓவியங்களுக்கும் பங்கு உண்டு. 1654-ல் ரெம்ப்ராண்ட் வரைந்து இப்போது பாரிஸ் லூவ்ரில் இருக்கும் படத்தில் பத்சேபாள் கையில் ஒரு கடிதம் வேறு இருக்கிறது. கதையில் அவளுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. கடிதம் போனது உரியாவின் கையில்.

யூத ரபீமார்களின் வாசிப்பை உங்கள் மூத்த சகோதரிக்குக் காட்டலாம். தாவீதைக் காப்பாற்ற அவர்கள் படாதபாடு பட்டார்கள். 'தாவீது பாவம் செய்தான் என்று சொல்பவன் தவறுகிறான்' என்றே அவர்களுடைய பழைய விவாதத் தொகுப்பான தல்மூதில் ஒரு குரல் உண்டு (ஷப்பாத் 56). போருக்குப் போகிறவர்கள் மனைவிக்குத் தள்ளுதற்சீட்டு (விவாகரத்துச் சீட்டு) எழுதி வைத்துவிட்டுப் போவார்கள் என்பது அந்த வாதம். அதே தல்மூதில், சன்ஹெத்ரின் 107-ல், பத்சேபாள் ஒரு மறைப்புக்குப் பின்னால் தலை குளித்துக்கொண்டிருந்தாள். சாத்தான் பறவையாக வர, தாவீது எய்த அம்பு அந்த மறைப்பை உடைத்தது என்று கதை. அரசனுக்காக வாதாடியவர்கள்கூட அவளை மறைப்புக்குப் பின்னால்தான் வைத்தார்கள். 1 நாளாகமம் 20 இதைவிடச் சுலபமான வழியை எடுத்துக்கொண்டது. ரப்பா யுத்தம் இருக்கிறது, தாவீது எருசலேமில் தங்கியதும் இருக்கிறது, நடுவிலிருந்த கதையைக் காணோம்.

3-ம் வசனத்தை யாரும் கவனிப்பதில்லை. அவள் எலியாமின் மகள், உரியாவின் மனைவி என்று அழைத்து வருமுன்பே தாவீதுக்குச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு பெயரும் 23-ம் அதிகார வீரர் பட்டியலில் உள்ளவை. 23:34-ன் எலியாம் அகித்தோப்பேலின் மகன். இரண்டு எலியாமும் ஒருவரே என்றால், பின்னால், தகப்பனுக்கு எதிராகக் கலகம் செய்த மகன் அப்சலோமின் பக்கம் போய்ச் சேர்ந்த தாவீதின் ஆலோசகன் இவளுடைய தாத்தா. அந்த உறவு நிச்சயம் என்று வகுப்பில் சொல்லாதீர்கள். வாய்ப்பு உண்டு என்று சொன்னால் போதும். 4-ம் வசனத்தில் தீட்டுக் கழித்த செய்தி வருவது ஒரே காரணத்துக்காக: அவள் ஏற்கெனவே கர்ப்பமாக இல்லை, பிள்ளை உரியாவுடையது அல்ல என்று வாசகருக்குத் தெரியவேண்டும். அதை வைத்து அவளைப் பக்திமான் ஆக்குவதும், மயக்கப் பார்த்தாள் என்பதும் வீண்வேலை.

அவள் மனதில் என்ன இருந்தது? சொல்லப்படவில்லை. சவுல் ராஜாவின் மகள் மீகாள் தாவீதை நேசித்தாள் என்று இதே வரலாறு சொல்கிறது. அவளை இரண்டாம் புருஷனிடமிருந்து பிடுங்கி வரும்போது அவன் பகூரிம் வரை அழுதுகொண்டே பின்னால் வந்ததையும் சொல்கிறது. அம்னோன் ஏங்கி மெலிந்தது, அப்சலோம் பகைத்தது எல்லாம் இருக்கிறது. பத்சேபாளைப் பற்றி அந்த அதிகாரம் காட்டும் உணர்ச்சி, புருஷன் செத்தான் என்று கேட்டு அழுதாள் என்பது மட்டும். வெற்றிடம் இருந்தால் நிரப்பக் கை பரபரக்கும். சினிமாக் காதலாக நிரப்புவார்கள். 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில் சாலொமோனுக்காக அவள் பேசுவதைக் காட்டி, ஆரம்பத்திலிருந்தே கணக்குப் போட்டவள் என்பார்கள். அங்கே அவள் வளர்ந்த மகனின் தாய். என்ன பேசவேண்டும் என்று நாத்தான் சொல்லிக்கொடுக்கிறான். தாவீதின் இன்னொரு மகன் அதோனியா ராஜாவானால் தானும் மகனும் குற்றவாளிகளாக எண்ணப்படுவோம் என்று அவளே சொல்கிறாள் (1:21). உயிர் பிழைக்கப் பேசிய பேச்சை, பல வருஷம் முந்தைய ஒரு மாலைப்பொழுதுக்குச் சாட்சியாகக் கூப்பிடுவது நியாயமில்லை. இன்னொரு பக்கம், அவள் நடுங்கி அழுததாக வசனம் எழுதி நடிக்கவும் வேண்டாம். அதுவும் நம் கற்பனைதான்.

'பலாத்காரம் என்று சொல்லலாமா?' என்று யாராவது கேட்பார்கள். 13-ம் அதிகாரம் பலவந்தத்தை வெளிப்படையாகச் சொல்கிறது, 11 சொல்லவில்லை. ஆனால் மறுக்க இடமே இல்லாத அழைப்புக்கு இணங்கியதைச் சம்மதம் என்று எண்ண முடியாது. இதுவே என் தீர்ப்பு. இன்றைய சட்டப் பெயர் எது பொருந்தும் என்ற விவாதத்தை வகுப்பில் வளரவிட்டால் ஒரு மணி நேரமும் அதிலேயே போய்விடும். பெயரைவிட முக்கியம் பழி யார்மேல் என்பது. 11:27-ல் கர்த்தருக்குப் பொல்லாததாகத் தோன்றியது தாவீது செய்த காரியம். 12:9-ல் கேள்வியும் அவனுக்கே. நாத்தானின் உவமையில் ஐசுவரியவான் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடித்து அடிக்கிறான். அந்தக் குட்டி தப்பு செய்ததாக ஒரு வரி கிடையாது.

அதே உவமையின் குறையையும் சொல்லிவிடுங்கள். குட்டி ஏழைக்குச் சொந்தமான பொருள். உவமையில் நஷ்டம் சொந்தக்காரனுக்கு. தாவீது சொல்லும் நாலத்தனை ஈடும் ஆடு திருடியதற்கான சட்டம் (யாத்திராகமம் 22:1). பெண்ணுக்கு நேர்ந்தது பெண்ணுக்கே நேர்ந்த அநியாயமாக அங்கே எண்ணப்படவில்லை. தண்டனை விழுந்த இடத்தையும் பாருங்கள். பிறந்த குழந்தை சாகிறது. கலகத்துக்குத் தப்பி ஓடும்போது வீட்டைக் காக்கத் தாவீது விட்டுப்போன பத்து மறுமனையாட்டிகளை அப்சலோம் உப்பரிகையில் கூடாரம் போட்டு, ஊரறியச் சேருகிறான் (16:22). தாவீது திரும்பி வந்ததும் அவர்களைச் சாகும்வரை அடைத்து வைக்கிறான் (20:3). பத்துப் பேருக்கும் பெயர் இல்லை. இதற்கெல்லாம் வகுப்பில் நியாயம் கற்பிக்க முயல வேண்டாம். கேட்டால், 'இது எனக்கும் உறுத்துகிறது' என்று சொல்லி நிறுத்துங்கள்.

பெண்கள்தான் எப்போதும் அகப்பட்டவர்கள் என்ற எண்ணம் வந்துவிடாமல் ஆதியாகமத்திலிருந்து இரண்டைத் தொட்டுக் காட்டலாம். ஆகாரைப் புருஷனிடம் கொடுத்தவள் சாராய். ஆகாரை யாரும் கேட்கவில்லை. 39-ம் அதிகாரத்தில் எஜமானி கேட்கிறாள், அடிமையான யோசேப்பு மறுக்கிறான், சிறைக்குப் போகிறான்.

உபாகமம் 22-க்கு வருவோம். அந்தச் சட்டம் (23–27) நிச்சயிக்கப்பட்ட பெண்ணைப் பற்றியது. ஊருக்குள் நடந்து அவள் கூப்பிடாவிட்டால் இருவருக்கும் தண்டனை. வெளியில் நடந்தால் அவள் கூப்பிட்டிருப்பாள், காப்பாற்ற ஆள் இல்லை என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. ஒருவன் மற்றவன்மேல் எழும்பிக் கொலை செய்ததற்குச் சமம் என்கிறது. ஊருக்குள் என்றால் அக்கம்பக்கம் ஓடிவரும் என்பது அதன் கணக்கு. அரண்மனைக்குள் கூப்பிட்டால் யார் ஓடிவருவது, அழைத்து வந்த அதே ஆட்களா? இதற்கு 13-ம் அதிகாரமே விடை. தாமார் ஊருக்குள்தான் இருக்கிறாள். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்கிறாள், காரணம் அடுக்குகிறாள். ஒருவரும் வரவில்லை. வந்த ஒரே வேலைக்காரன் அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுகிறான்.

அடுத்த இரண்டு வசனத்தை (28–29) மறைக்க வேண்டாம். நிச்சயமாகாத பெண்ணைப் பிடித்தவன் தகப்பனுக்கு 50 வெள்ளிக்காசு கொடுத்து அவளையே கட்டிக்கொள்ள வேண்டும், தள்ளக் கூடாது. 'இப்படியும் வேதத்தில் இருக்கா?' என்று பிள்ளைகள் அதிர்வார்கள். மகளின் கற்பு தகப்பனின் உடைமை என்று எண்ணிய உலகத்துச் சட்டம் என்று நேராகச் சொல்லுங்கள். அந்தச் சமுதாயம் அதோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், மயக்கியவன் மூன்று தலைப்பில் ஈடு தரவேண்டும்: அவமானம், மதிப்புக்குறைவு, அபராதம். பலவந்தம் செய்தவனுக்கு நான்காவதாக ஒன்று சேர்கிறது: வலி (கெத்துபோத் 3). கணவன் மனைவியைக் கட்டாயப்படுத்திச் சேரக் கூடாது என்ற தீர்ப்பும் தல்மூதில் உண்டு (எருவின் 100). கல்யாணமானவர்கள் இருக்கும் வகுப்பில் இந்தக் கடைசித் தகவலைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தாமார் கதையைத் தாண்டாதீர்கள். நீங்கள் தாண்டினால், அப்படி ஒன்று தனக்கு நடந்தவள் 'இதைப் பற்றி இங்கே பேசக்கூடாது போல' என்று எடுத்துக்கொள்வாள். ஆனால் முன்னேற்பாடு வேண்டும். ஒரு வாரம் முன்பே இன்ன பாடம் என்று அறிவியுங்கள். வர விருப்பமில்லாதவர் காரணம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் சொல்லுங்கள். வழக்கமாகச் செய்வதுபோல வரிசையில் ஆளுக்கொரு வசனம் வாசிக்க வைக்காதீர்கள். 14-ம் வசனம் யார் பங்குக்கு விழும் என்று உங்களுக்குத் தெரியாது. 1 முதல் 22 வரை நீங்களே ஒரே குரலில் வாசியுங்கள், நான்கைந்து நிமிஷம் ஆகும். நாடகமாக நடிக்க வைப்பது வேண்டவே வேண்டாம். கதவைச் சாத்துங்கள்; வெளியே போக நினைப்பவர் யாரையும் தாண்டாமல் போகும்படி நாற்காலிகளைப் போடுங்கள்.

வாசித்ததும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: யார் யாருக்கெல்லாம் தெரியும்? அம்னோனின் நண்பன் யோனதாப் யோசனை சொன்னவன். தாவீது நோயாளிக்குச் சமையல்பண்ணிக்கொடு என்று ஆள் அனுப்பிச் சொல்லி மகளை அங்கே போகவைத்தவன், அறியாமல்தான். வேலைக்காரன் கதவைப் பூட்டியவன். அவள் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் பார்த்த மாத்திரத்தில் 'அம்னோன் உன்னோடிருந்தானோ' என்று கேட்பவன், அடுத்த மூச்சில் 'அவன் உன் சகோதரன், மவுனமாயிரு' என்பவன். தாவீது கேள்விப்பட்டு மிகவும் கோபப்பட்டான், அத்தோடு சரி. தலைச்சன் பிள்ளை என்பதால் அம்னோனை வருத்தப்படுத்தவில்லை என்று பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு காரணமும் தருகிறது. 32-ம் வசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் கழித்து அம்னோன் வெட்டுப்பட்ட செய்தி வரும்போது, அப்சலோம் அன்றே முடிவு செய்தது இது என்று சாவகாசமாக விளக்குகிறவன் அதே யோனதாப். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தாமார் அண்ணன் வீட்டில் பாழாய்க் கிடக்கிறாள், அதன்பின் அவளிடம் ஒருவரும் வந்து எதுவும் கேட்டதாக இல்லை.

பிறகு அவள் பேச்சு, 12, 13, 16. எனக்கு இந்தப் புத்தகத்திலேயே இதற்கு இணையான வாதம் தெரியவில்லை. இஸ்ரவேலில் இப்படிச் செய்யத்தகாது என்கிறாள். என் வெட்கத்தை எங்கே கொண்டுபோவேன் என்கிறாள். நீயும் மதிகெட்டவனாவாய் என்கிறாள். ராஜாவோடே பேசு, தரமாட்டேன் என்று சொல்லமாட்டார் என்கிறாள். ஒரே தகப்பன் பிள்ளைகளை லேவியராகமம் 18:9 தடுக்கும்போது இப்படிச் சொல்வாளா என்று யாராவது மடக்கினால், கையைப் பிடித்துக்கொண்டிருப்பவனிடம் தப்பிக்கப் பேசுகிறவளிடம் சட்டப் புத்தகம் கேட்காதீர்கள் என்று சொல்லுங்கள்.

'நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?' என்றும் 'தாமார் மன்னித்திருக்க வேண்டாமா?' என்றும் கேட்காதீர்கள், யாரையும் கேட்கவும் விடாதீர்கள். முதல் கேள்வி பழியைத் திருப்பி அவள்மேலேயே போடுகிறது. இரண்டாவது அப்சலோம் சொன்ன 'மவுனமாயிரு'வின் பக்திப் பதிப்பு.

வகுப்பு முடிந்து யாராவது உங்களிடம் தனியாக வந்து பேசக்கூடும். கேளுங்கள், விவரம் துருவாதீர்கள், அடுத்த வாரக் கூட்டு ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபிக்காதீர்கள். மூப்பர்களை உட்காரவைத்துச் சமாதானம் பேசும் ஏற்பாடு கூடாது. பெண்கள் உதவி எண் 181. சொன்னவள் 18 வயதுக்கு உட்பட்டவள் என்றால் விருப்பப்பட்டால் சொல்லலாம் என்ற பேச்சே இல்லை. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

மூன்றாம் வாரத்துக்கு 2 சாமுவேலை விட்டு உன்னதப்பாட்டுக்குப் போங்கள். இரண்டு வாரம் இதையே கேட்ட கல்லூரிப் பிள்ளை, ஆசை என்பதே அசிங்கம் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. 2:8–14 போதும், நேரம் இருந்தால் 5:2–7. இங்கேயும் ஒருவன் பார்க்கிறான். மதிலுக்குப் புறம்பே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறான், ஆள் அனுப்பவில்லை, 'எழுந்து வா' என்று அவனே கூப்பிடுகிறான். 5-ல் கதவைத் தட்டுகிறான். உடையைக் கழற்றிப்போட்டேன், கால் கழுவிவிட்டேன் என்று அவள் சாக்குச் சொல்கிறாள். திறப்பதற்குள் போய்விடுகிறான், கதவை உடைக்கவில்லை. அவனைத் தேடித் தெருவுக்குப் போனவளை நகரக் காவலர் அடித்ததும் அங்கேயே இருக்கிறது. அதையும் விடாமல் வாசியுங்கள்.

போதகரிடம் வகுப்பு தொடங்குமுன் நேரில் பேசிவிடுங்கள். பிறர் வாயிலாகப் போனால் அவருக்கு எதிராகப் பாடம் நடத்துவதாகிவிடும். பிரசங்கத்தைக் குறைசொல்லித் தொடங்க வேண்டாம். 11:2-ஐத் திறந்து, 'ஐயா, அவள் மாடியில் இருந்தாள் என்று எந்த வசனத்தில் வருகிறது?' என்று கேளுங்கள், அவரே தேடிப் பார்க்கட்டும். தாமார் வாரத்தில் பக்கத்து அறையில் பாடகர் பயிற்சி வைக்க வேண்டாம் என்றும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.